காணாமல் போனவருக்குக் காலை உணவு

ஹாலிஸ் ட்ரெட்டவே தொலைந்து போகவில்லை, நடந்துகொண்டிருந்தார். அலபாமாவில் அவர் வசித்த ஊரில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை.

போலீஸ் வண்டி அவருக்குப் பக்கத்தில் ஊர்ந்து வந்து நின்றது. டெபுடி கெர்பி கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தான்.

"வண்டி எங்கயாவது நின்னுபோச்சா சார்?"

"இல்லப்பா. வண்டி வீட்டுல இருக்கு."

"அப்ப எங்க போறீங்க?"

"எங்கயும் போகல. வீட்டுலேருந்து கிளம்பினேன், வீட்டுக்குத்தான் போறேன்."

அந்தப் பதில்தான் வினையாகிவிட்டது. கெர்பி இறங்கி வந்து, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, பால்குடி மாறாத பிள்ளையிடம் பேசுகிற குரலில், இது எந்த வருஷம் என்று கேட்டான்.

ஹாலிஸ் நடக்கிறவர் அல்ல. அந்த ஊரில் யாருமே நடக்கிறவர்கள் அல்ல. சாலையோரம் நடைபாதை கிடையாது, கால்வாயும் நெருஞ்சியும்தான். வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தபால் பெட்டிக்குக்கூட ஹாலிஸ் தன் டிரக்கை ஓட்டிக்கொண்டுதான் போவார். அப்படிப்பட்டவரை எழுபத்தொரு வயதில் சாலையில் இறக்கிவிட்டது அவருடைய மறதி. மறதி என்ற சொல்லை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். "அன்னைக்கு மைக் கோளாறு" என்பார்.

முப்பது வருஷமாக உள்ளூர் உயர்நிலைப் பள்ளியின் ஃபுட்பால் ஆட்டங்களுக்கு மைக் பிடிப்பவர் அவர். எந்த வருஷம் எந்த ஊரைத் தோற்கடித்தோம், யார் முழங்காலை உடைத்துக்கொண்டான், அன்றைக்கு மழை பெய்ததா என்பது வரை ஞாபகம் வைத்திருப்பார். அந்த ஞாபகசக்தியைப் பற்றி யாருக்காவது சந்தேகம் இருந்தால், தேடிப்போய்த் தீர்த்துவைத்துவிட்டு வருவார். அப்படி இருந்தவர், இந்த ஆண்டின் முதல் ஆட்டத்தில், உள்ளூர்ப் பையன் ஒருவன் பந்தோடு எல்லையைத் தாண்டி விழுந்து டச்டவுன் எடுத்தபோது, எதிரணியை வாழ்த்தித் தொலைத்தார். சுதாரித்துக்கொண்டு பையனின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. ஒலிபெருக்கியில் அவர் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் மைதானம் முழுக்கக் கேட்டது. அந்தப் பையன் அவருடைய சொந்தத் தங்கையின் பேரன்.

மறுவாரமே அவருடைய மனைவி நெல்டா அவரை மருத்துவமனைக்கு இழுத்துப்போனாள். நெல்டா பள்ளிக்கூடச் சமையலறையை நடத்தி ஓய்வு பெற்றவள். அதிகம் பேச மாட்டாள். அதனால் அவள் என்ன நினைக்கிறாள் என்பது நடந்து முடிந்த பிறகுதான் தெரியும்.

நர்ஸ் கார்லா கையில் பட்டையைச் சுற்றி ரத்தக் கொதிப்பை அளந்தாள். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள். பிறகு, தான் நம்பாததை டாக்டரே வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். டாக்டர் பெட்டிஸ் அம்மாள், மூளையைப் படமெடுத்ததில் அங்கங்கே இருந்த வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினார்.

"உங்க தலையில கோளாறு ஆரம்பிக்கலை மிஸ்டர் ட்ரெட்டவே, தலைக்குப் போற குழாயில ஆரம்பிச்சிருக்கு. வருஷக்கணக்கா பிரஷரைக் கவனிக்காம விட்டா, நுணுக்கமான ரத்தக் குழாயெல்லாம் தடிச்சுப்போயிடும். ரத்தம் சரியா போகலைன்னா மூளை என்ன பண்ணும்? முதல்ல பேர் மறக்கும்."

இப்போதே பிடித்துக் கட்டினால் மேலும் போகாமல் தடுக்கலாம், கொஞ்சம் தேறவும் செய்யலாம் என்றார். மாத்திரை தவறக்கூடாது, உப்பும் கொழுப்பும் குறையவேண்டும், தினமும் நன்றாக நடக்கவேண்டும். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

அன்று மாலையே நெல்டா வீட்டில் வேட்டையை முடித்தாள். உப்புக் குப்பி போயிற்று. வெண்ணெய் போயிற்று. அடுப்போரத்தில் அவருடைய அம்மா காலத்திலிருந்து வடித்துச் சேர்த்துவந்த பன்றிக்கொழுப்பு டப்பா போயிற்று. கடைசியாக, உப்பிட்டுப் புகைபோட்ட பன்றிக்கறித் துண்டுகள், அதாவது ஹாலிஸ் பிறந்ததிலிருந்து காலையில் கண்விழிப்பதற்கு ஒரே காரணமாக இருந்த பேக்கன், அதுவும் போயிற்று. மறுநாள் காலை அவர் முன்னால் ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி வந்தது. அவர் அதைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

நடப்பதற்கு மட்டும் அவர் மசியவில்லை. இரண்டு வாரம் போராடி, அந்தக் கஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட நடப்பதே மேல் என்ற முடிவுக்கு வந்து கிளம்பிய முதல் நாளில்தான் கெர்பி அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினான்.

அடுத்த நாள் ஒரு பாதிரியார் கொண்டுவந்து விட்டார். அதற்கடுத்த நாள் பால் வண்டிக்காரர். தான் தெளிவாக இருப்பதை ஊருக்குக் காட்ட ஹாலிஸ் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு நிற மேலங்கியை மாட்டிக்கொண்டு போனார். பார்த்தவர்கள் அதை ஏதோ முதியோர் இல்லத்துச் சீருடை என்று முடிவு கட்டினார்கள். சரி, கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிடலாம் என்று, வண்டி நின்ற உடனேயே தன் பெயர், அன்றைய தேதி, நாட்டின் ஜனாதிபதி பெயர் மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். அன்றைக்கு வண்டியை நிறுத்திய அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்தே கூட்டிக்கொண்டு போனார்.

அந்த அம்மாள் இமோஜீன் ஸ்டாலிங்ஸ். கார்லாவின் தாயார், வயதில் ஹாலிஸுக்கு மூத்தவர், விதவை. ஹாலிஸை நேரே வீட்டுக்குக் கொண்டுபோகாமல், முதலில் தன் சமையலறையில் உட்காரவைத்தார்.

"உக்காரு கண்ணு. நெல்டாவுக்கு போன் பண்றேன். அவ வர்ற வரைக்கும் வயித்துக்கு ஏதாவது போட்டுக்கோ."

தட்டு வந்தது. தட்டில் பேக்கன். அதுவும் ஒன்றிரண்டு அல்ல. ஓரம் சுருண்டு, பொரிந்து, இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

தான் தொலைந்து போகவில்லை என்று சொல்வதற்காக ஹாலிஸ் வாயைத் திறந்தார். திறந்த வாயில் ஒரு துண்டு போயிற்று. அதற்குப் பிறகு உண்மை பேச அவருக்கு வசதிப்படவில்லை.

"இது யார் வீடு?" என்று மெல்லக் கேட்டார்.

இமோஜீன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு துண்டு எடுத்து வைத்தார்.

அன்றிலிருந்து ஹாலிஸ் நடைப்பயிற்சியில் காட்டிய சிரத்தையைப் பார்த்திருந்தால் டாக்டர் பெட்டிஸ் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். பொழுது விடிந்ததும் காலணியை மாட்டிக்கொண்டு நிற்பார். ஒரு மைல் நடந்தால் இமோஜீன் வீடு. மறுநாள் அங்கே தட்டில் வந்த துண்டுகள் சற்று ஒல்லியாகவும் சிவப்பாகவும் இருந்தன. விலைவாசி அப்படி, பாவம் விதவை, எங்கே போவாள் என்று பெரிய மனது பண்ணி மன்னித்தார். அதைத் தாண்டி ஒரு மேட்டை ஏறி இறங்கினால் முன்னாள் முடிதிருத்துநர் டூயி ஹார்கெட் வீடு; அங்கே கெளுத்தி மீன் பொரித்துத் தருவார்கள். அங்கிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் தேவாலயத்து டீக்கன் வீடு. அவர் மனைவி, தான் செய்யும் பீக்கன் கொட்டை பை என்ற இனிப்புக்கு மாவட்டக் கண்காட்சியில் பரிசு வாங்கியிருக்கிறாள். வீட்டுக்கு ஒரு நோய் என்று பிரித்துக்கொண்டார். இமோஜீன் வீட்டில் இடம் தெரியாது. டூயி வீட்டில் கிழமை தெரியாது. டீக்கன் வீட்டில் தன் பெயரே தெரியாது. அந்த இனிப்புக்கு அந்த அளவு கொடுக்கத்தான் வேண்டும். முப்பது வருஷம் மைக் பிடித்தும் இப்படி உருகிப்போய்க் கேட்கிற கூட்டம் அவருக்குக் கிடைத்ததில்லை.

உப்பில்லாக் கஞ்சியிலே மரத்துப்போன நாக்குக்கு அந்த மூன்று வீட்டுச் சாப்பாடும் அமுதமாக இருந்தது. நெல்டா கடைசி வீட்டுக்கு வந்து, எதுவும் கேட்காமல், முந்தானையில் முடிந்துகொள்ளாத குறையாக அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போவாள். வீட்டில் மதியத்துக்கு வேகவைத்த பீன்ஸ் இருக்கும். ஹாலிஸ் அதை முகம் சுளிக்காமல் தின்றார். தியாகம் செய்வதற்கு வயிற்றில் இடமிருக்கும்போது தியாகம் சுலபம்.

சிக்கல் டிரக்கில் ஆரம்பித்தது. ஒருநாள் சாவி மாட்டுகிற ஆணி காலியாக இருந்தது.

"நெல்டா, என் சாவி எங்க?"

"டூயி வீட்டுல உனக்குக் கிழமை தெரியலையாமே. கிழமை தெரியாதவன் கையில எப்படி வண்டியைக் குடுக்கிறது?"

கிழமை தனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்லலாம். சொன்னால் கெளுத்தி மீன் போய்விடும். ஹாலிஸ் யோசித்துப் பார்த்து, மீனைக் காப்பாற்றிக்கொண்டார். அன்றிலிருந்து கடைத்தெரு, தபால் நிலையம், தேவாலயம் எல்லாவற்றுக்கும் கால்நடையே கதி என்றாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில், பிரார்த்தனை வேண்டுவோர் வரிசையில், ஒருவருடைய சிறுநீரகக் கல்லுக்கும் இன்னொருவருடைய தீப்பிடித்த வைக்கோல் கொட்டகைக்கும் நடுவில் ஹாலிஸின் பெயரை வாசித்தார்கள். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டீக்கனின் மனைவி அவரிடம் வந்து, தன் பெயரையும் அவருடைய பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதையும் தாங்கிக்கொண்டார். பள்ளிக்கூடத்து முதல்வர் வீட்டுக்கு வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முப்பது வருஷச் சேவையை ஊர் மறக்காது என்றார். மறக்காது என்ற சொல்லைச் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாதோ என்று நெளிந்தார். இந்தப் பருவம் முடியும்வரை டூயியின் மருமகன் மைக்கைப் பார்த்துக்கொள்வான், நீங்கள் ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தார். டூயியின் மருமகனுக்கு டச்டவுனுக்கும் தும்மலுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை ஹாலிஸ் தன் வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து, காற்றில் மிதந்துவந்த அந்த அரைகுறை வர்ணனையைக் கேட்டார். ஒவ்வொரு பிழைக்கும் உதடு தன்னால் அசைந்தது. நடந்ததையெல்லாம் போட்டு உடைத்துவிடலாமா என்று அவர் உண்மையாகவே நினைத்தது அன்றைக்குத்தான். ஆனால் பன்றிக்கறிக்காகப் பைத்தியக்காரனாக நடித்தவன் என்ற பெயரோடு திரும்பவும் அந்த மைக்கைப் பிடிக்க முடியுமா? அதற்குப் பைத்தியம் என்ற பெயரே கௌரவம்.

அந்த நேரம் பார்த்து அட்லாண்டாவிலிருந்து மகள் டாம்ரா வந்து இறங்கினாள். வீடு வாங்கி விற்கிற தொழிலில் இருப்பவள். எந்த வீட்டைப் பார்த்தாலும் அதில் இருப்பவர்களைக் காலி செய்வது எப்படி என்றுதான் முதலில் யோசிப்பாள். மறதிக்காரர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தின் வண்ணப் படங்களை மேசையில் பரப்பினாள். மீன் தொட்டி இருந்தது. வெளிக்கதவு உள்ளிருந்து திறக்காது என்பதைச் சிறப்பம்சமாகப் போட்டிருந்தார்கள்.

ஹாலிஸ் அந்தப் படங்களைக் கவிழ்த்து வைத்தார். தன் தெளிவை நிரூபிக்க, முப்பது வருஷத்து ஆட்டங்களின் முடிவுகளையும் வரிசையாகச் சொன்னார். டாம்ரா கண் கலங்கக் கேட்டாள்.

"பழசெல்லாம் கடைசி வரைக்கும் அப்படியே இருக்கும்னு படிச்சேன்ப்பா."

நேற்று மதியம் என்ன சாப்பிட்டோம் என்பதையும் சொன்னார். ஒரே சாப்பாடு தினமும் போட்டால் யாருக்குத்தான் தெரியாது என்றாள். கோபத்தில் மேசையைத் தட்டினார். சுபாவம் மாறுவது அடுத்த கட்டம் என்று அவள் அம்மாவின் பக்கம் திரும்பிச் சொன்னாள். நெல்டா தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பார்க்கட்டும், பிறகு முடிவு செய்யலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

மூன்று மாதம் முடிந்து மருத்துவமனைக்குப் போனபோது, ஹாலிஸ் தூக்குமேடை ஏறுகிறவர் போல எடை பார்க்கும் மேடையில் ஏறினார். கார்லா முள்ளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். எடை கணிசமாக இறங்கியிருந்தது. கையில் பட்டையைச் சுற்றினாள். ரத்தக் கொதிப்பு, முப்பது வயதுக்காரனுக்கு இருக்கிற மாதிரி சமர்த்தாக இருந்தது. இந்தத் தடவையும் நம்பாமல் இன்னொரு முறை அளந்தாள்.

டாக்டர் பெட்டிஸ் ஞாபகத்தைச் சோதித்தார். கடிகாரம் வரையச் சொன்னார். ஹாலிஸ் நிமிஷ முள், மணி முள்ளோடு விநாடி முள்ளையும் போட்டுக் கொடுத்தார். ஐந்து சொற்களைச் சொல்லி, பேச்சை மாற்றி, பிறகு கேட்டார். ஹாலிஸ் ஐந்தையும் சொல்லிவிட்டு, பின்னாலிருந்தும் சொன்னார். போன தடவை தடுமாறிய இடம் ஒன்றில்கூட இந்தத் தடவை தடுமாறவில்லை.

"அருமை. குழாய் திறந்துக்கிட்டா மூளை எப்படிச் சுறுசுறுப்பாயிடுது பாருங்க" என்றார் டாக்டர். "மறதி நோய்க்கான அறிகுறி எதுவும் எனக்குத் தெரியலையே."

டாம்ரா விடவில்லை. "அப்ப தினமும் வழி தெரியாம ஊர்ப்பட்ட வீட்டுல போய் உக்கார்றாரே, அதுக்கு என்ன பேரு டாக்டர்?"

எல்லோரும் ஹாலிஸைப் பார்த்தார்கள். அவருடைய கண்ணுக்கு ஒரு பக்கம் மீன் தொட்டியும் உள்ளிருந்து திறக்காத கதவும் தெரிந்தன. இன்னொரு பக்கம் இமோஜீனின் தட்டு தெரிந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருக்கே தோன்றியது: ரத்தக் கொதிப்பு இறங்கியாகிவிட்டது, எடை இறங்கியாகிவிட்டது, ஞாபகம் திரும்பியாகிவிட்டது. இனிமேல் வெட்கப்படவேண்டியது அவர் அல்ல, அறிவியல்தான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மைக் முன்னால் உட்காருகிற அதே தோரணை.

"நடிச்சேன்" என்றார்.

"என்னது?"

"எல்லாம் நடிப்பு. எனக்கு வழியும் தெரியும், கிழமையும் தெரியும், என் பேரும் தெரியும். இமோஜீன் வீட்டுல பேக்கன், டூயி வீட்டுல பொரிச்ச மீனு, டீக்கன் வீட்டுல இனிப்பு. ரெண்டு மாசத்துக்கு மேல, ஒருநாள் விடாம. நீங்க சொன்ன ஒண்ணையும் நான் கேக்கலை டாக்டரம்மா."

டாம்ரா நாற்காலியில் அப்படியே சரிந்தாள். அவளுக்கு நிம்மதியா ஆத்திரமா என்று தீர்மானிக்க முடியவில்லை. டாக்டர் பெட்டிஸ் கண்ணாடியைக் கழற்றி, பழைய அளவையும் புதிய அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இவ்வளவு உப்பும் கொழுப்பும் தின்றவருக்கு இந்த அளவு வர எந்த வழியும் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஹாலிஸ் அவருக்கு உதவ முன்வந்தார். மூளைக்கு வேண்டியது மன சந்தோஷம், சந்தோஷத்துக்கு வேண்டியது பேக்கன், இதை யாராவது எழுதினால் தன் பெயரையும் போடவேண்டும் என்றார். அடுத்த வாரமே மைக் தன் கைக்கு வரவேண்டும், டிரக் சாவி இன்றைக்கே வரவேண்டும் என்றார். முப்பது வருஷமாக ஆட்டங்களை வர்ணித்தவர், முதல் தடவையாகத் தான் ஜெயித்த ஆட்டத்தை வர்ணிக்கிற சுகத்தில் நிறுத்தவே இல்லை. நெல்டா மடியிலிருந்த கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

கார்லா அவர் கையிலிருந்த பட்டையை அவிழ்த்துச் சுருட்டினாள்.

"அந்தப் பேக்கனையா சொல்றீங்க சார்? அது உப்பே போடாத வான்கோழிக் கறி. மீனு, இனிப்புன்னு மூணு வீட்டுக்கும் நெல்டா அம்மாதான் உப்பு, கொழுப்பு இல்லாம செஞ்சு கொண்டுவந்து, 'நடிக்கிறது தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க, இப்பதான் நடக்க ஆரம்பிச்சிருக்கான்'னு சொல்லிக் குடுத்துட்டுப் போவாங்க. எங்கம்மா ஒருநாள் அதுல ஒரு துண்டை எங்க நாய்க்குப் போட்டுப் பாத்தாங்க, அது மோந்து பாத்துட்டு எழுந்து வெளிய போயிடுச்சு."